தப்புக்கு நெருப்பு, லெப்டொப்புக்கு கரண்ட்

மேடை ஏற ஒரு மணித்தியாலம் இருக்கும்போது எங்கள் குழுவில் இரண்டு பேர் இரண்டு பக்கம் ஓடுவோம். கரண்ட் வயர் எங்கிருந்து இழுக்கிறார்கள் என்று பார்க்க நான் போவேன். மாமா மிலாறு தேடிப் போவார். கவ்வாத்து வெட்டும்போது விழுகிற தேயிலைக் கிளைதான் மிலாறு. தோட்டத்துக்காரர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை, டவுனில் வளர்ந்தவர்களுக்காகச் சொல்கிறேன். நன்றாகக் காய்ந்த மிலாறு, புகை அடங்கியதும் ஒரே சீராகக் கனன்று கிடக்கும். அந்தச் சூட்டில் மாமா தப்புப் பறையின் தோலைக் காட்டுவார், திருப்புவார், நடுவிலும் விளிம்பிலும் விரலால் சுண்டிப் பார்ப்பார். ‘டொம்’ என்று ஊமையாக இருந்தது ‘டங்’ என்று வாய் திறக்கும்வரை யாரோடும் பேசமாட்டார். நான் பக்கத்தில் லெப்டொப்பைத் திறந்து வைத்துக்கொண்டு, அந்த ‘டங்’ எந்தச் சுருதியில் நிற்கிறது என்று பார்த்து, என் பேஸ் ஒலியை அதற்கேற்ப ஏற்றியோ இறக்கியோ வைப்பேன். இந்தத் தொழிலில் நான் கற்றுக்கொண்டதில் பாதி இந்த ஒரு மணித்தியாலத்துக்குள் அடங்கும்.

மாமா எனக்குச் சொந்தம் இல்லை. அவர் மேட்டு லயம், நான் பணிய லயம், அந்த முறையில் மாமா. எங்களோடு இன்னும் நான்கு பேர். பொரலந்தைப் பக்கத்துச் சிங்களத் தம்பி ஒருவர் தவுலும் கிட்டாரும். குருத்தலாவையிலிருந்து வரும் பாடகர் முஸ்லிம்; தமிழ், சிங்களம் இரண்டும் அவருக்குச் சரளம், கனவு எந்த மொழியில் வரும் என்று கேட்டால் யோசித்துத்தான் சொல்வார். பாடகி ஒரு பள்ளிக்கூட ஆசிரியை, இங்கிலிஷ் வரிகள் அவர் பொறுப்பு. கீபோர்டுக்கு ஒரு பையன். பகலில் நான் வெலிமடை பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் போன் திருத்துகிறவன். இரவில் மூன்று மொழியில் ஆட்டப் பாட்டு.

என் முதல் குரு ஒரு பஸ். நுவரெலியாவிலிருந்து பதுளைக்குப் போகிற வீதி ஹக்கலை தாண்டி இறங்கி எங்கள் ஊரைத் தொட்டுப் போகிறது. கிழங்கு மூட்டை, போஞ்சி மூட்டை, கரட் மூட்டையோடு சந்தைக்கு வருகிறவர்கள், தோட்டத்திலிருந்து சம்பள நாளில் இறங்குகிறவர்கள், ஸ்கூல் பிள்ளைகள் என்று எல்லாரும் ஒரே பஸ்ஸில்தான். டிரைவர் ஒரு பக்கம் பைலா, மறுபக்கம் தமிழ்க் குத்துப் பாட்டு பதிந்த கசெட் வைத்திருப்பார். பக்கம் மாறும்போது ஒரு விஷயம் கவனித்தேன். பாட்டு மாறுகிறது, மொழி மாறுகிறது, ஆனால் முன் சீட்டில் இருக்கிறவரின் கால் தட்டுவதை நிறுத்தவில்லை. அதே காலை, அதே மாதிரி தட்டிக்கொண்டேயிருக்கிறார். அது எப்படி என்று விளங்கிக்கொள்ள எனக்குப் பல வருடம் பிடித்தது.

விடை ஆறு. பைலாவின் நடை ஆறு எண்ணிக்கை, மூன்று மூன்றாகப் பிரியும். நம் ஊர்க் குத்து, திஸ்ர நடையில் ஓடுகிற டப்பாங்குத்து, அதுவும் ஆறு. தோட்டத்தில் திருவிழாவுக்கு அடிக்கிற தப்பிலும் அந்த ஆறு இருக்கிறது. பைலா என்கிற சொல் போர்த்துக்கீசியம், ஆடுவதைக் குறிக்கிறது. போர்த்துக்கீசரும் பின்னால் வந்தவர்களும் ஆபிரிக்காவிலிருந்து கொண்டுவந்த காப்பிரி மக்களின் சந்ததி இன்றும் புத்தளத்துக்குப் பக்கத்தில் சிராம்பியடியில் மஞ்சா பாடி ஆடுகிறது. மட்டக்களப்புப் பறங்கியர் வீட்டுக் கலியாணத்தில் காப்பிரிஞ்ஞா வாசிப்பார்கள். அந்தத் தாளத்தில் சிங்கள வரியை ஏற்றி, கையில் பான்ஜோவோடு நாடு முழுதும் கொண்டுபோனவர் வொலி பஸ்தியான், ஒரு போலீஸ்காரர். இந்த ஆறில் தமிழை ஏற்றியவர்கள் நம் பொப் பாடகர்கள். நித்தி கனகரத்தினத்தின் ‘சின்ன மாமியே’, ஏ.ஈ. மனோகரனின் ‘சுராங்கனி’. சுராங்கனி ஒரே பாட்டுக்குள் சிங்களத்தையும் தமிழையும் வைத்துக்கொண்டு தமிழ்நாட்டுக்குப் போனது, அங்கிருந்து இந்தி வரைக்கும் போனது. அதன் வெற்றிக்கு மனோகரனின் குரலையும் குறும்பையும் காரணம் சொல்வார்கள். அது சரிதான். ஆனால் சென்னைக்காரன் காலில் அந்த ஆறு ஏற்கெனவே இருந்தது, அவன் புதிதாக எதையும் கற்கவேண்டியிருக்கவில்லை. மனோகரன் 2018 ஜனவரியில் சென்னையில் காலமானார். அன்று ராத்திரி ஒரு கலியாண வீட்டில் நாங்கள் அந்தப் பாட்டை வாசித்தோம், மண்டபத்தில் ஒருவர் பாக்கியில்லாமல் பாடினார்கள். சிங்கள வரியைத் தமிழர்களும் தமிழ் வரியைச் சிங்களவர்களும் சத்தமாகப் பாடினார்கள் என்பதையும் சொல்லவேண்டும். அவரவர் மொழியை அவ்வளவு சத்தமாகப் பாடவில்லை.

மெஷினுக்கு வருகிறேன். லண்டனில் பிறந்து யாழ்ப்பாணத்தில் வளர்ந்து மறுபடியும் லண்டனுக்கே அகதியாகப் போன மாதங்கி அருள்பிரகாசம், உலகம் எம்.ஐ.ஏ. என்று அறிந்த பெண், தன் முதல் பாட்டுகளை ரோலண்ட் எம்.சி.505 என்கிற ஒரு சிறிய பெட்டியில் செய்தார். பாதி கடன் வாங்கிய பெட்டி, பாதி தானே தட்டித் தட்டிக் கற்ற வித்தை. 2005-ல் அப்பா பெயரில் ‘அருளர்’, 2007-ல் அம்மா பெயரில் ‘கலா’. இரண்டாவதற்காகச் சென்னைக்குப் போய் உருமிக்காரர்களை வைத்துப் பதிவு செய்தார், ‘பேர்ட் ஃப்ளூ’ என்கிற பாட்டில் அது கேட்கும். அந்தப் பாட்டை முதன்முதலில் ஒரு நண்பனின் ஹெட்போனில் கேட்டபோது கடைக் கதவைச் சாத்திவிட்டு மறுபடி கேட்டேன். உருமியை அவர் ஒழுங்குபடுத்தவில்லை. அது முட்டி மோதி, இரைந்து, சில இடத்தில் தாளத்துக்கு முன்னால் ஓடுகிறது, அவர் அதன் பின்னால் ஓடுகிறார். அதே ஆள் லிஸ்பனின் புராக்கா சோம் சிஸ்டெமா குழுவோடு ‘சவுண்ட் ஒஃப் குடுரோ’ பாடினார். அங்கோலாவின் குடுரோ ஆட்டத்தை எலெக்ட்ரோனிக் அடியோடு கலந்து, போர்த்துக்கீசியமும் இங்கிலிஷுமாகப் பாடுகிற குழு அது. போர்த்துக்கீசக் கப்பலில் ஆபிரிக்கத் தாளம் நம் கரைக்கு வந்து பைலாவாயிற்று. ஐந்நூறு வருடம் கழித்து ஈழத்துப் பெண் ஒருத்தி லிஸ்பன்காரர்களோடு சேர்ந்து அதன் ஒன்றுவிட்ட சகோதரத்தோடு ஆடிவிட்டு வருகிறாள். இதை நான் மாமாவுக்கு விளக்கினேன். “சொந்தக்காரங்கதானே, போயிட்டு வரட்டும்” என்றார்.

எம்.ஐ.ஏ. உருமியை ஒழுங்குபடுத்தாமல் விட்டார்; நான் முதலில் செய்த பிழை ஒழுங்குபடுத்தப் போனதுதான். மாமாவின் தப்பை வீட்டு இஸ்தோப்பில் வைத்துப் பதிவு செய்து, லெப்டொப்பில் ஏற்றி, ‘குவான்டைஸ்’ பட்டனைத் தட்டினேன். கோணல்மாணலாக விழுந்த அடியையெல்லாம் இழுத்து, கோடு போட்ட கொப்பியில் எழுத்தை வைக்கிற மாதிரி நேராக உட்கார வைக்கிற பட்டன் அது. நிமிடத்துக்கு 130 என்று வேகம் வைத்தால் ஓர் அடிக்கு 462 மில்லிசெக்கன், அதை மூன்றாகப் பிரித்தால் ஒவ்வொரு துண்டும் 154. எல்லாம் துல்லியம். கீழே ‘தும் தும்’ என்று கிக், மேலே பேஸ். எனக்குப் பெருமை தாங்கவில்லை. மாமாவைக் கூப்பிட்டுக் கேட்க வைத்தேன். கடைசிவரை கேட்டார்.

“தம்பி, இது நானா?”

“நீங்கதான் மாமா.”

“செத்த பெறகு அடிச்ச மாதிரி இருக்கே.”

அன்றிரவு பழைய பதிவை, பட்டன் தட்டாததை, பெரிதாக்கிப் பார்த்தேன். மாமாவின் மூன்றாவது அடி எப்போதும் இருபது, முப்பது மில்லிசெக்கன் முந்தி விழுகிறது. ஒவ்வொரு முறையும், தவறாமல். இடது கையில் மெல்லிய நீளமான சிம்புக்குச்சி, வலது கையில் குட்டையான அடிக்குச்சி. சிம்பு தோலைத் தொட்டுவிட்டு எழும்பும்போதே அடிக்குச்சி வந்துவிடுகிறது. அந்த அவசரம்தான் கேட்கிறவனின் தோளைத் தூக்குகிறது. நான் அதைப் பிழை என்று நினைத்துத் திருத்தியிருக்கிறேன். அதற்குப் பிறகு வேலையைத் தலைகீழாக்கினேன். மாமாவின் அடியிலிருந்து நேரக்கணக்கை எடுத்து, அந்தக் கோணலுக்கு என் கிக்கையும் ஹைஹெட்டையும் நகர்த்தி வைத்தேன். மென்பொருளில் அதற்கும் வழி இருக்கிறது, ஆனால் காதால் ஒவ்வொன்றாக இழுத்து வைத்தபோது வந்ததுபோல் வரவில்லை. ஒரு பாட்டுக்கு மூன்று இரவு போகும். போகட்டும்.

தாளத்தில் படித்த பாடம் மொழியிலும் உதவியது. மூன்று மொழிப் பாட்டு என்றதும் பலர் செய்வது, ஒரு தமிழ் வரியை எழுதி, அதையே சிங்களத்தில் ஒருமுறை, இங்கிலிஷில் ஒருமுறை சொல்லுவது. அரசாங்கக் காரியாலய அறிவிப்புப் பலகை மாதிரி இருக்கும். ஆடுகிறவன் ஒரே செய்தியை மூன்று முறை கேட்க வரவில்லை. எங்கள் பாட்டு ஒன்று சந்தையில் பிறந்தது. கத்தரிக்காய்க் கடைச் சிங்கள அக்கா என்னைப் பார்த்து “என்ன, என்ன” என்று கூப்பிட்டார். சிங்களத்தில் அது ‘வாங்க, வாங்க’. பக்கத்தில் நின்ற தோட்டத்து ஆயா, ஏதோ கேட்கிறார் என்று நினைத்து “ஒண்ணுமில்லம்மா” என்றார். நான் சிரித்த சிரிப்பில் கத்தரிக்காய் வாங்க மறந்துபோனேன். அந்த ‘என்ன என்ன’ எங்கள் பாட்டின் பல்லவி. சிங்களவர்களுக்கு அது அழைப்பு, நமக்கு அது கேள்வி, ஆடுகிற இரு பக்கத்தாரும் ஒரே நேரத்தில் சத்தம் போட்டு அதைச் சொல்கிறார்கள். அதற்குப் பதில் ‘ஹரி’ என்று ஒரு பக்கம், ‘சரி’ என்று மறுபக்கம். முந்தினதில் ஒலி ஒன்று, பொருள் இரண்டு. இதில் பொருள் ஒன்று, ஒலி ஒன்றரை. இரண்டையும் பக்கத்தில் வைத்ததும் பாட்டு முடிந்துவிட்டது, மிச்சமெல்லாம் நிரப்பல்தான்.

ஒவ்வொரு மொழிக்கும் உட்காருகிற இடம் வேறு. தமிழில் குறிலை நீட்டினால் பொருள் ஓடிவிடும். ‘மலை’ என்று ஒரு பல்லவி வைத்திருந்தோம், முதல் எழுத்து நீண்ட சுரத்தில் விழுந்தது, கேட்டவர்கள் எல்லாரும் ‘மாலை’ என்றே பாடினார்கள். நாங்கள் தோட்டத்து மலையைப் பாடினோம், அவர்கள் மாப்பிள்ளைக்குப் போடுகிற மாலையைப் பாடினார்கள். சிங்களத்திலும் இதே வம்புதான், ‘மல’ என்றால் பூ, ‘மால’ என்றால் கழுத்தில் போடுவது. அதனால் குறில் சொற்களை அடி விழுகிற இடத்திலிருந்து சற்றுத் தள்ளி, இரண்டு அடிக்கு நடுவே வைப்போம், நீட்ட இடமே இருக்காது. தமிழ், சிங்களம் இரண்டிலும் பெரும்பாலான சொல் வாய் திறந்தே முடிகிறது, அதனால் நீண்ட இழுப்புக்கு அவை. இங்கிலிஷ்ச் சொல் பாதி கதவைச் சாத்திக்கொண்டு முடியும், ஸ்டொப், ட்ரொப், பெக் என்று. அதை ஹைஹெட் போலப் பயன்படுத்தலாம், கத்தரித்துக் கத்தரித்து. எங்கள் ஆசிரியை இதைக் கேட்டுவிட்டு, “எனக்குப் பாட்டு குடுக்கிறீங்களா, தட்டுறதுக்கு டப்பா குடுக்கிறீங்களா?” என்றார். நியாயமான கேள்வி. பிறகு அவருக்கு ஒரு முழுச் சரணம் எழுதிக் கொடுத்தோம்.

இனி, சொல்ல விரும்பாத ஒரு கதை.

மாமாவிடம் நான் பதிந்துவைத்த அடிகள் நிறைய. பிரட்டுத் தப்பு, அதாவது விடியற்காலையில் ஆட்களை வேலைக்குக் கூப்பிட ஒரு காலத்தில் அடித்தது; கலியாணத் தப்பு; சாமி ஊர்வலத்துக்கு ஒன்று; மாசியில் காமன் கூத்துக்கு வேறு; சாவு வீட்டுக்கு வேறு. காமன் கூத்தில் மன்மதன் எரிகிற கட்டம் வரும்போது தப்பு மாறுகிற மாற்றம் இருக்கிறதே, அது தனிக் கட்டுரைக்கான விஷயம். இவற்றையெல்லாம் நான் கொம்பியூட்டரில் வெறும் எண் போட்டு வைத்திருந்தேன். தப்பு 1, தப்பு 2, தப்பு 7. ஏழாவதில் ஒரு உருட்டல் வரும், அடி கனத்து, இடையில் ஒரு மூச்சு அளவுக்கு மௌனம், மறுபடி விழும். அந்த மௌனத்துக்குள் பேஸ் ஒலியைக் கொண்டுவந்து இறக்கினால், கிளப்பில் டீஜேக்கள் செய்கிற ‘ட்ரொப்’ போல நெஞ்சில் இடிக்கும். கேட்ட மாத்திரத்தில் இதுதான் வேண்டும் என்று முடிவு செய்துவிட்டேன். எது எந்த அடி என்று பார்க்கவே இல்லை.

அடுத்த நிகழ்ச்சி ஒரு தோட்டத்து மாரியம்மன் திருவிழா. மாமாவுக்குக் காய்ச்சல், வரவில்லை. லெப்டொப்பிலிருந்த அவருடைய பதிவை வைத்து வாசித்தோம். மூன்றாவது பாட்டில் ஏழாம் நம்பர் வந்தது. முன்னால் ஆடிக்கொண்டிருந்த பையன்கள் ஆடினார்கள், அவர்களுக்கு எதுவும் தெரியவில்லை. பின்னால் பாய் விரித்து உட்கார்ந்திருந்த பெண்கள் ஒவ்வொருவராக எழுந்தார்கள். ஓர் ஆயா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு தோட்டத்துத் தலைவர் மேடைக்கு ஏறி வந்து, சத்தம் போடாமல், என் காதுக்குப் பக்கத்தில் சொன்னார்: “தம்பி, கோயில் வாசல்ல பொணம் தூக்குற அடி அடிக்கிறீங்க.”

நிறுத்தினேன். மைக்கில் மன்னிப்புக் கேட்டேன். அந்தத் தோட்டத்தில் போன மாதம்தான் இளவயதில் ஒருவர் போயிருக்கிறார் என்பது பிறகு தெரிந்தது. மறுநாள் மாமா வீட்டுக்குப் போனேன், கம்பளிக்குள்ளிருந்து முகத்தை மட்டும் வெளியே எடுத்து, “தப்பு பேசும்னு ஒனக்கு யாருமே சொல்லலியா?” என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, உண்மையாகவே ஆச்சரியப்பட்டுக் கேட்டார்.

மூன்று மொழிக் குழு என்று நோட்டீஸ் போட்டுக்கொண்டிருந்தோம். நான்காவதாக ஒரு மொழி எங்கள் கையிலேயே இருந்திருக்கிறது, அதில் நான் ஒரு கெட்ட வார்த்தையை எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியாமல் ஒலிபெருக்கியில் சொல்லியிருக்கிறேன். சிங்களத்தில் ஒரு சொல் சந்தேகமாக இருந்தால் பொரலந்தைத் தம்பியிடம் பத்து முறை கேட்பவன் நான். தப்பிடம் கேட்கத் தோன்றவில்லை, ஏனென்றால் அதை நான் சத்தம் என்று நினைத்திருந்தேன். எண்களையெல்லாம் அழித்துவிட்டு, மாமாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றுக்கும் பெயரும், எங்கே அடிக்கலாம் எங்கே கூடாது என்பதும் எழுதினோம். இரண்டு ஞாயிற்றுக்கிழமை பிடித்தது. இடையில் அவர் சொன்ன இன்னொன்று: சின்ன வயதில் தப்பைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தால் சில வீட்டுக்காரர்கள் இஸ்தோப்பு ஏற விடமாட்டார்களாம், சாவுக்கு மட்டும் வாசலில் வந்து கூப்பிடுவார்களாம். இன்றைக்கும் மேடைக்குப் பின்னால் பாடகருக்கு நாற்காலியும் தப்புக்காரருக்குப் படிக்கட்டும் கொடுக்கிற ஏற்பாட்டாளர்களைப் பார்க்கிறேன். எங்கள் குழுவில் காசு ஆறு சமபங்கு, அதில் பேச்சே இல்லை.

இந்தக் கதைக்குப் பிறகுதான் ‘எஞ்ஜாய் எஞ்ஜாமி’யை நான் சரியாகக் கேட்டேன் என்று சொல்லவேண்டும். 2021 மார்ச் 7 அன்று வெளிவந்தது. சந்தோஷ் நாராயணன் இசையில், இலங்கைத் தமிழ் வேர் உள்ள தீயும், அரக்கோணத்து அறிவும் பாடியது. அறிவின் பாட்டி வள்ளியம்மாள் நம் தேயிலைத் தோட்டங்களில் உழைத்து, பிறகு இந்தியாவுக்கு அனுப்பப்பட்டவர். 1964-ல் சிறிமாவும் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்டு 5,25,000 பேரை இந்தியாவுக்கென்றும் 3,00,000 பேரை இலங்கைக்கென்றும் பங்குவைத்த கதை நம் ஒவ்வொரு லயத்திலும் ஒரு காலிக் காம்பராவாக இருக்கிறது. எங்கள் குடும்பத்திலும் பெரியப்பா அந்தக் கணக்கில் போனவர், கடிதம் சில வருடம் வந்தது. அப்படிப்பட்ட பாட்டியின் வாயிலிருந்து கேட்ட ஒப்பாரியை எடுத்து ஆட்டப் பாட்டுக்குள் வைக்கிறார் அறிவு. நான் சாவுத் தப்பை வைத்தபோது பெண்கள் எழுந்து போனார்கள். இங்கே உலகமே எழுந்து ஆடுகிறது. வித்தியாசம் எங்கே? அறிவுக்கு அந்த அழுகையின் பொருள் தெரியும். ஒப்பாரியின் இழுப்பை அவர் இழுப்பாகவே விட்டிருக்கிறார், பின்னணி அடி அதற்குக் காத்திருக்கிறது. யாரை, எதற்காகக் கூப்பிடுகிறோம் என்று பாட்டுக்குள்ளேயே சொல்லியும் விடுகிறார், கேட்கிறவனுக்குத் தடுமாற்றம் இல்லை. நான் ஏழாம் நம்பர் என்று எடுத்தேன். அவர் பாட்டி என்று எடுத்தார்.

அந்தப் பாட்டைச் சுற்றி வந்த பேர்ச் சண்டையும் தொழில்காரர்கள் மறக்கக்கூடாதது. அதே ஆண்டு ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா அட்டையில் தீயும் ராப் பாடகர் ஷான் வின்சென்ட் டி போலும் இருந்தார்கள், அறிவு இல்லை, இயக்குநர் பா. இரஞ்சித் வெளிப்படையாகக் கேட்டார். கேட்டது சரி என்பது என் கட்சி. இரஞ்சித்தும் இசைக்கலைஞர் டென்மாவும் சேர்ந்து, கானாவையும் பறையையும் ராப்பையும் ஒரே மேடையில் ஏற்றிய கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் 2018 ஜனவரியில் சென்னையில் முதல் நிகழ்ச்சி நடத்தியபோது அறிவும் அதில் ஒருவர். அவர்கள் பெயரிலேயே நியாயத்தை எழுதி வைத்துக்கொண்டார்கள். 2021 மே மாதம் யொஹானியும் சதீஷனும் பாடிய ‘மெனிகே மகே ஹிதே’ வந்து இந்தியாவை ஆட்டியது. அந்த வருடம் எங்கே போனாலும் இந்த இரண்டையும்தான் கேட்டார்கள். சிங்கள ஊரில் எஞ்ஜாமி கேட்டார்கள், தோட்டத்தில் மெனிகே கேட்டார்கள். சுராங்கனிக் கதைதான் மறுபடியும்.

எல்லாக் கலப்பும் கூடிவராது. தவுல் தம்பி ஒருநாள் ஆசையோடு ‘சுளு மெதும் தெதித’ என்கிற தாளத்தைக் கொண்டுவந்தார், இரண்டும் மூன்றும் சேர்ந்த ஐந்து. நம் கண்ட நடை மாதிரி. பெரஹராவில் கேட்டால் யானையின் நடைக்குப் பொருந்தி அழகாக இருக்கும். நாங்கள் அதற்குக் கீழே நாலு கிக் வைத்தோம், பொருந்தவில்லை. ஐந்து கிக் வைத்தோம், ஆடுகிறவர்கள் எந்தக் காலைத் தூக்குவது என்று தெரியாமல் ஒருவரையொருவர் பார்த்தார்கள். மூன்று நிகழ்ச்சியில் முயன்றுவிட்டு விட்டுவிட்டோம். தம்பிக்கு இன்னும் வருத்தம். ஆட்டத்துக்கு நடுவே இரண்டு நிமிடம் அவருக்கும் மாமாவுக்கும் தனியாக விட்டுக்கொடுக்கிறோம், அப்போது ஐந்து வருகிறது, யாரும் ஆடுவதில்லை, எல்லாரும் கிட்ட வந்து நின்று கேட்கிறார்கள். எனக்கு அது பிடித்திருக்கிறது.

2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டினார்களே, அப்போது லெப்டொப் வெறும் தகடு. ஜெனரேட்டருக்கு எண்ணெய் கிடையாது, லைனில் நின்றவர்களுக்குத் தெரியும். நிகழ்ச்சியும் இல்லை. ஆனாலும் ஞாயிறுகளில் கூடினோம், மெழுகுவர்த்தி வைத்துக்கொண்டு, மெஷின் இல்லாமல். என் கிக்குக்குப் பதில் மேசையைத் தட்டினேன். மெஷின் இருந்தபோது ஆறு பேரும் மெஷினைக் கேட்டுக்கொண்டிருந்தோம்; இப்போது மாமா எப்போது குச்சியைத் தூக்குகிறார் என்று பார்த்தோம். பாடகர் மூச்சு எடுக்கிற இடம் எனக்கு அன்றுதான் தெரிந்தது. கரண்ட் வந்த பிறகு எல்லாப் பாட்டையும் மறுபடி செய்தேன், ஒவ்வொன்றிலும் வேகம் கொஞ்சம் குறைந்தது.

வேகம் பற்றி இன்னொன்று. எங்கள் பக்கத்தில் மேடை போடுகிற மைதானமெல்லாம் மலை அடிவாரத்தில்தான். சத்தம் ஒரு செக்கனுக்கு ஏறக்குறைய 340 மீட்டர் போகும். எதிர் மலை 85 மீட்டரில் நின்றால் போய்த் திரும்ப அரை செக்கன், 120 வேகத்தில் அது சரியாக அடுத்த அடியின் மேல் வந்து விழும். அப்படி விழுந்தால் மலையே கூட வாசிக்கிற மாதிரி, விழாவிட்டால் இரண்டு குழு சண்டை பிடிக்கிற மாதிரி. நான் இதை மீட்டர் வைத்து அளந்து, ஒவ்வொரு மைதானத்துக்கும் வேகம் குறித்துக்கொண்டு மாமாவிடம் காட்டினேன். அவர் மலைப் பக்கம் திரும்பி நின்று ஓர் அடி போட்டார், கேட்டார், இரண்டாவது அடி போட்டார். அவர் போட்ட வேகம் நான் எழுதி வைத்திருந்ததோடு ஒத்துப்போனது. பிறகு நான் மீட்டரைக் கொண்டுபோவதில்லை.

பனிதான் எங்கள் உண்மையான பிரச்சினை. ஏழு மணிக்கு மேல் வெலிமடைக் குளிரில் தோல் ஈரம் குடித்து இறங்கத் தொடங்கும். மூன்றாவது பாட்டில் தப்பு ஒரு பக்கமும் என் பேஸ் ஒரு பக்கமுமாக விலகும், கேட்கிறவனுக்குக் காரணம் தெரியாது, ஆனால் ஆட்டம் தொய்ந்துவிடும். இரண்டு தப்பு வைத்திருக்கிறோம், ஒன்று மேடையில், ஒன்று நெருப்பில், இரண்டு பாட்டுக்கு ஒருமுறை மாற்றுவோம். ஆணி முடுக்குகிற பிளாஸ்டிக் தோல் தப்பு இப்போது கிடைக்கிறது, இறங்காது, மழைக்கும் பயமில்லை, பிள்ளைகள் பழக நல்லது. மேடைக்கு வேண்டாம். வாளியில் தட்டின மாதிரி இருக்கிறது.

அதனால் எங்களைக் கூப்பிட நினைக்கிறவர்களுக்கு, தோட்டத்துத் தலைவர்களுக்கும் அவுருது விழாக் கமிட்டிக்காரர்களுக்கும் கலியாண வீட்டாருக்கும் சேர்த்து ஒரு வேண்டுகோள். மேடைக்குப் பின்னால் தகரம் போட்ட ஓர் இடம் வேண்டும், நெருப்பு மூட்டுவதற்கு. ஒரு கட்டு காய்ந்த மிலாறு எடுத்து வையுங்கள், பச்சை வேண்டாம், புகையும். நோட்டீஸ் அடிக்கும்போது தப்பு அடிப்பவர் பெயரைப் பாடகர் பெயருக்குப் பக்கத்தில், அதே அளவு எழுத்தில் போடுங்கள். நாற்காலி ஆறு. ஜெனரேட்டர் எங்களிடமே இருக்கிறது.